மூன்றாம் எண் கூண்டு

ஒன்பது இருபதுக்கு
லூர்துமேரி டீச்சர் பதிவேட்டைத் திறப்பார்.
ஆறாம் வகுப்பு 'இ' பிரிவு, நாற்பத்தொரு பேர்.
நான் இருபத்தாறு.
என் பேர் யாழரசி, அதில் எனக்குத் திக்காது.
ஆனால் டீச்சர் கூப்பிடுவது எண்ணைத்தான்.

பதினெட்டிலேயே உள்ளங்கை நனைந்துவிடும்.
இருபத்திரண்டு பெனாசீர்,
அவள் குரல் சைக்கிள் மணி.
இருபத்தைந்து மோனலிசா,
அவள் மட்டும் லீவு போட்டுவிட்டால்
என் முறை ஒரு மூச்சு முன்னால் வந்து நிற்கும்.
அவளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று
அவள் அம்மாவைவிட நான்தான் அதிகம் வேண்டியிருப்பேன்.

உள்ளேன்.
சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.
எல்லாரும் தாளின் உச்சியில் சுழித்துவிட்டு
எதையும் தொடங்குவார்களே, அந்த 'உ',
அதிலேயே நான் நின்றுவிடுவேன்.
உ.
ஃபேன் சுற்றும்.
உ.
யாரோ பென்சில் சீவும் சத்தம்.

ஒருநாள் கடைசி 'ன்' வரவேயில்லை.
"உள்ளே" என்று மட்டும் விழுந்தது.
"என்னடி உள்ளே?" என்றது பின் பெஞ்சு.
ஒரு வாரம் அதுதான் என் பேர்.
உள்ளே வருது பாரு. உள்ளே தண்ணி குடிக்குது பாரு.

ஐப்பசி பிறந்தால்
முதுநகர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள்.
ஒன்று என்றால் தூரத்தில் ஏதோ இருக்கிறது.
மூன்று என்றால் அப்பா கடலுக்குப் போகமாட்டார்,
டிவி ரிமோட் அவர் கையில்.
ஏழு என்றால் ஸ்கூல் லீவு.

அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நானும் எனக்கு ஏற்றத் தொடங்கினேன்.
திங்கள்: 3.
செவ்வாய், எழுந்து வாசிக்கச் சொன்னார்கள்: 7.
புதன், மோனலிசா வரவில்லை: 8.
வியாழன், பி.டி. பீரியட்: கூண்டு இறக்கம்.
வெள்ளி, என் மேலுதட்டில் மீசை என்றாள் ஒருத்தி: 5.
(கண்ணாடி பார்த்த பிறகு: 6.)

பெனாசீர் பார்த்துவிட்டாள்.
கை வைத்து மறைத்தேன்,
விரலிடுக்கில் எட்டு தெரிந்தது.
சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.
பேனாவைப் பிடுங்கி, வெள்ளிக்குக் கீழே
"எனக்கு 9" என்று எழுதிவிட்டு
டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
எதற்கு என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அவள் தந்த முட்டையில் உப்பு கூடுதல்.

போன வருஷம் ஐந்தை ஏற்றி மூன்று நாள்
வானம் வெளுத்தே கிடந்தது.
புயல் ஓங்கோல் பக்கம் போய்விட்டதாம்.
"சும்மா ஏத்திட்டானுங்க" என்று திட்டினார் அப்பா,
படகுக் கயிற்றில் இன்னொரு முடிச்சு போட்டபடி.

எனக்குள்ளும் ஒருத்தி
கம்பத்தடியில் நிற்கிறாள்.
கொஞ்சம் அவசரக்காரி.
காக்கா பறந்தாலே மூன்றை ஏற்றிவிடுவாள்.
ராத்திரியும் தூங்குவதில்லை.
முதலில் அவளை எங்காவது
கெடிலம் பாலத்தில் இறக்கிவிட்டு
பஸ் ஏறிவிடலாம் என்றுதான் பார்த்தேன்.
எனக்கு முன்னாலேயே வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.
இப்போது கேட்டுக்கொள்கிறேன்:
எத்தனை?
ஐந்து என்பாள்.
சரி என்பேன்.
சில நாள் நாலாகக் குறைத்துக்கொள்வாள்.
சில நாள் மாட்டாள்.

இன்று நிஜமாகவே ஏழு.
கரண்ட் இல்லை.
அம்மா கருவாட்டுக் கூடையை இழுக்கிறாள்.
பதிவேடு மஞ்சக்குப்பத்தில்
பூட்டிய அலமாரிக்குள் இருக்கும்.
சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
இருபத்தைந்து வரை எண்ணினேன்.
உ.
மழை அது பாட்டுக்குப் பெய்தது.
உ.
உ.
உள்ளேன்.

"யாருகிட்டடி பேசுற?" என்றாள் அம்மா.
கூடையின் இன்னொரு காதைப் பிடிக்கச் சொன்னாள்.
பிடித்தேன்.